செத்தவர் தோசை சாப்பிட வந்த நாவல் வகுப்பு

பதினாறு வயசுப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கஷ்டமான நாவல் படிக்கவைக்கும் வேலையில், எந்தக் கேள்விக்கும் முகம் மாறாமல் "அது அப்படித்தான்" என்று சொல்லத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

நாலு தடவை படித்தும் புரியாத பக்கத்தை, பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன ஆழம் பாருங்க" என்று சொல்லியிருக்கிறீர்களா? அப்போ நீங்களும் நம்ம கட்சி. தயங்காமல் மேலே படிக்கலாம்.

நான் பிளஸ் டூ முடித்தது இந்த வருஷம்தான். கேட்ட பாடம் காலேஜில் கிடைக்கவில்லை, கிடைத்ததில் சேர மாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். அப்போதுதான் நான் படித்த ராஜா அண்ணாமலைபுரம் பள்ளியின் தமிழ் டீச்சர் பிலோமினா மிஸ்ஸுக்கு முட்டி ஆபரேஷன். பள்ளி விட்டதும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அவர் ஒரு நாவல் வகுப்பு நடத்துவார். பரீட்சைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "நான் வர்ற வரைக்கும் நீ பாத்துக்க ஜெனி. பாடம் எதுவும் நடத்தாதே. புரியலன்னாலும் நிறுத்தாம படிச்சுட்டே போகச் சொல்லு" என்றார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். ஒரு நாள் வகுப்பில் வந்து உட்காருவார். கதை என்ன என்றாவது பிள்ளைகள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரம் பிசிக்ஸ் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போய்விடும். பிசிக்ஸ் சாருக்கு ரொம்ப நாளாகவே அதன்மேல் ஒரு கண். இதைக் கேட்டதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. இலக்கியத்தின்மேல் இருந்த ஆசையால் இல்லை. எனக்கும் அந்த வகுப்பு போய்விடக் கூடாது. நான் பிளஸ் ஒன் படித்தபோது தப்பாகப் பேசியும் மார்க் குறையாத ஒரே இடம் அந்தப் பள்ளியில் அதுதான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழி

இந்த வருஷத்து நாவலின் பெயரைச் சொல்ல மாட்டேன். படித்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள். கடையில் கிடைக்காத பழைய புத்தகம். மிஸ்ஸிடம் இருந்த ஒரே பிரதியை மயிலாப்பூரில் ஒரு கடையில் ஜெராக்ஸ் எடுத்து, ஆளுக்கொன்றாக ஸ்பைரல் பைண்டிங் போட்டிருந்தார்கள். அத்தியாயத்துக்குத் தலைப்பும் இல்லை, எண்ணும் இல்லை. ஒரு குட்டி நட்சத்திரம் மட்டும். பக்க எண் அடியில் இருந்ததால் ஜெராக்ஸில் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. நாங்கள் அதைக் கவனித்தோம், கவலைப்படவில்லை.

கதை ஆரம்பத்தில் கதிரேசன் என்பவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புகிறார். பூட்டைப் பற்றி யோசிக்கிறார். சாவியைப் பற்றி யோசிக்கிறார். தெருவில் இறங்கியதும், தன் அண்ணன் மாணிக்கத்தைப் பற்றி யோசிக்கிறார். ஒரு வாரம் படித்தும் அவர் தெருமுனையைத் தாண்டவில்லை. கடைசி பெஞ்சில் தினேஷ் என்று ஒருத்தன். பெரும்பாக்கத்திலிருந்து தினமும் ரெண்டு பஸ் மாறி வருபவன். கையைத் தூக்கினான்.

"இன்னாக்கா இந்தாளு, இவரு பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர்றதுக்குள்ள நான் வூட்டுக்குப் போய்ட்டு நாளைக்கே திரும்பி வந்துருவேன் போலக்கீது!"

பாட்டில் முறை

அடுத்த தலைவலி, யார் பேசுகிறார்கள் என்பது. மேற்கோள் குறி கிடையாது. "என்றான்", "என்றாள்" கிடையாது. கதிரேசன், அவர் மனைவி, அண்ணன் மாணிக்கம் மூன்று பேரும் ஒரே பத்தியில், மூச்சு விடாமல். பக்கத்துக்குப் பக்கம் சண்டை. "இது கதிரேசன்", "இல்லடா, பொண்டாட்டி".

எனக்குப் பொறுமை கிடையாது. மூன்று பேரின் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி மேசைமேல் வைத்தேன். பச்சை கதிரேசன், சிவப்பு மனைவி, நசுங்கிய ஸ்டீல் பாட்டில் மாணிக்கம். ஒருத்தர் சத்தமாகப் படிக்க, பேசுவது யார் என்று நினைக்கிறீர்களோ அந்த பாட்டிலைத் தூக்குங்கள் என்றேன். ஒரே வரிக்கு ரெண்டு பாட்டில் உயர்ந்தால் நிறுத்தி வாதாட வேண்டும். இது நன்றாகவே வேலை செய்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அந்த வாரம் முழுக்க யாரும் தூங்கவில்லை. சத்தம் கேட்டு பிசிக்ஸ் சார் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா ஜெனி, இது தமிழ் கிளாஸா, வாட்டர் கேன் கடையா?"

கேட் வாசலில் ஒரு அப்பா

மாணிக்கம் சாகும் அத்தியாயம் வந்தது. அவருடைய சைக்கிள் திருடு போகிறது. தேடிக்கொண்டு வெயிலில் நடந்தே ஊரெல்லாம் சுற்றுகிறார். வீட்டுக்கு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எழுதியவர் அதை ரெண்டே வரியில் முடித்துவிட்டார். அதுவரை பூட்டுக்கு நாற்பது பக்கம் கொடுத்தவர், சாவுக்கு ரெண்டு வரி. அன்றைக்கு ஸ்டீல் பாட்டிலை யாரும் தொடவில்லை.

மறுநாள் கேட்டில் வைஷ்ணவியின் அப்பா நின்றிருந்தார். வைஷ்ணவி முதல் பெஞ்ச். எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்ளும் பெண். அப்பா மயிலாப்பூர், ஆபீஸ் போகிற அவசரம், கையில் ஹெல்மெட். "இதுல எத்தனை மார்க் வரும்மா?" என்றார். மார்க்கே கிடையாது என்று உள்ளதைச் சொன்னேன். ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"மார்க்கே இல்லாத விஷயத்துக்கா என் பொண்ணு ராத்திரி சாப்பிடாம ஆத்துல அழுதுண்டு உக்காந்திருக்கா?"

மாணிக்கம் வந்தார்

அதற்கடுத்த அத்தியாயம். நட்சத்திரம். முதல் வரியிலேயே மாணிக்கம் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து தோசை கேட்கிறார். சட்னி காரம் என்கிறார். இன்னும் ஒன்று போடு என்கிறார்.

எல்லாரும் பக்கத்து ஆளின் பிரதியை எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் ஒருத்தி மெதுவாக ஸ்டீல் பாட்டிலைத் தூக்கினாள். எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். ஆவி என்றது ஒரு கூட்டம். கதிரேசனின் கனவு என்றது இன்னொன்று. வைஷ்ணவி எழுந்து, இது ஞாபகம், மனசுக்குள் செத்தவர்கள் சாவதில்லை, அதனால்தான் ஆசிரியர் முன்னறிவிப்பு இல்லாமல் கொண்டுவருகிறார் என்று அரைமணி நேரம் பேசினாள். எனக்கே சிலிர்த்தது. பிலோமினா மிஸ்கூட இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

தினேஷ் மட்டும் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினான். "அக்கா, சைக்கிள்தான் திருடு போய்ச்சே, எதுல வந்தாரு? எனக்கின்னாவோ பக்கம் மாறிக்கீதுன்னு தோணுது" என்றான். "இது நவீன நாவல்டா, அது அப்படித்தான்" என்றேன். அவன் விடுவதாக இல்லை. வைஷ்ணவி திரும்பிப் பார்த்து அவன் வாயை அடைத்தாள். வகுப்பே கை தட்டியது.

"செத்தவரே வர்றார், சைக்கிள் வராதாடா?"

மிஸ் வீட்டில்

வியாழக்கிழமை வருகிறேன் என்று சிஸ்டர் சொல்லி அனுப்பினார். பிசிக்ஸ் சாரையும் கூட்டிக்கொண்டு வருவாராம். எங்களுக்குப் பயமில்லை. எங்களிடம்தான் தோசை அத்தியாயம் இருக்கிறதே.

புதன்கிழமை சாயங்காலம் சாந்தோமில் மிஸ்ஸைப் பார்க்கப் போனேன். ஸ்டூல்மேல் காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "மாணிக்கம் திரும்பி வர்ற இடம்தான் மிஸ் அந்த நாவல்லயே டாப்" என்றேன். டிவியை மியூட் பண்ணினார். "எங்கே திரும்பி வர்றாரு?" என்றார். சொன்னேன். "அந்தப் புத்தகத்தை எடு" என்றார்.

ஒரிஜினலில் பக்க எண் இருந்தது. தோசை அத்தியாயம் ரொம்ப முன்னால், சைக்கிள் திருடு போவதற்கும் முன்னால் இருந்தது. ஜெராக்ஸ் கடையில் ஒரு கட்டு இடம் மாறி, எல்லாப் பிரதியிலும் அப்படியே போயிருக்கிறது. சட்னி, சைக்கிள் திருட்டு, சாவு. அவ்வளவுதான் வரிசை. ஆவியும் இல்லை, ஞாபகமும் இல்லை. மனுஷன் உயிரோடு இருக்கும்போது வந்து தோசை சாப்பிட்டிருக்கிறார். வைஷ்ணவி பேசியதையும் ஒன்று விடாமல் சொன்னேன். மிஸ் முட்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

"போதும்டி, சிரிக்கவைக்காதே, தையல் இன்னும் ஆறல!"

மதிய இடைவேளை

சமாளித்திருக்கலாம். சிஸ்டர் அந்த நாவலைப் படித்ததில்லை, பிசிக்ஸ் சாருக்கு அது தேவையுமில்லை. ஆனால் நான் பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அது அந்தப் பள்ளி முழுக்கத் தெரிந்த விஷயம். அதைவிட, பொய்யை அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்து ஒப்பிக்கவைக்க எனக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் போய் உள்ளதைச் சொன்னேன். சிலர் தலையில் கை வைத்தார்கள். "பிசிக்ஸ்தான், கன்ஃபார்ம்" என்றான் ஒருத்தன். தினேஷ் லெமன் சாதத்தில் கடலையைத் தேடிக்கொண்டிருந்தான். வைஷ்ணவிதான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அப்போ அவர் வரவே இல்லையாக்கா?"

சிஸ்டர் உட்கார்ந்தார்

சிஸ்டரும் பிசிக்ஸ் சாரும் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சிஸ்டர் வைஷ்ணவியை எழுப்பினார். "கதை என்னம்மா?" வைஷ்ணவி என்னைப் பார்க்கவில்லை. "எந்தக் கதை சிஸ்டர்? புத்தகத்துல இருக்கறதா, நாங்க படிச்சதா?" என்றாள். சிஸ்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ரெண்டும் சொல்லு."

சொன்னார்கள். ஒருத்தர் விட்ட இடத்தில் இன்னொருத்தர். பூட்டு, சாவி, சைக்கிள், சட்னி. நடுவில் பாட்டில்களும் வந்தன. எங்கே தப்பாகப் படித்தோம், தப்பை எப்படியெல்லாம் நியாயப்படுத்தினோம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். பிசிக்ஸ் சாருக்குத் தாங்கவில்லை. "ஒரு வாரமா தப்பா படிச்சிருக்கீங்க, ஒருத்தனுக்குமா தெரியல?" என்றார். தினேஷ் எழுந்தான். "எனக்குத் தெரிஞ்சுது சார். சைக்கிள் இடிச்சுது. அக்காகிட்ட சொன்னேன், நம்பல." எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. என் காது எரிந்தது. பிசிக்ஸ் வகுப்பின் டைம் டேபிள் கண்முன் ஓடியது.

"ஒரு தடவை சொன்னே சரி, அப்புறம் ஏன்பா கம்முனு இருந்துட்டே?" என்றார் சிஸ்டர். தினேஷ் பின்மண்டையைச் சொறிந்தான். "செத்தவரு திரும்பி வந்து குந்திக்கினு தோசை துன்றாரு சிஸ்டர். எல்லாரும் சந்தோசமாக்கீறாங்கோ. நான் போய்ப் பக்கம் தப்புன்னு சொன்னா, அவரு மறுபடி செத்துருவாரு இல்ல?"

சிஸ்டர் அவன் ஜெராக்ஸை வாங்கி, பக்க எண் இருக்க வேண்டிய இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார். வாசல் வரை போய் என்னிடம் திரும்பினார்.

"அடுத்த வருஷம் ஜெராக்ஸ் எடுக்கறப்போ பக்க நம்பர் விழற மாதிரி எடுக்கச் சொல்லு."

'அடுத்த வருஷம்' என்ற வார்த்தை எங்கள் மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் ஆனது. ஏறியதும் வகுப்பு போட்ட கூச்சல் தேனாம்பேட்டை சிக்னல் வரை கேட்டிருக்கும். நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, மாணிக்கத்தின் பாட்டிலைத் திறந்து முழுத் தண்ணீரையும் குடித்தேன்.

ஸ்கூட்டர் பக்கத்தில்

மிஸ் திரும்பி வந்த அன்று, பிசிக்ஸ் சார் வண்டி நிறுத்தும் இடத்தில் என்னை மடக்கினார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் குனிந்து கேட்டார்.

"அந்தக் கதிரேசன் கடைசில பஸ் ஏறினாராம்மா, இல்லையா?"

கடைசிப் பக்கம் வரை ரெண்டு தடவை படித்தும் அது எனக்கே புரியவில்லை என்பதால், முகம் மாறாமல் "அது அப்படித்தான் சார்" என்று சொல்லிவிட்டு, காது சிவப்பதற்குள் அந்த வேலையிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.