காதர் சாரும் கம்ப்யூட்டரில் ஏறாத படமும்

ஞாயிற்றுக்கிழமை காலை மீன் கழுவிக்கொண்டிருந்தபோது எங்கள் பள்ளி ஆசிரியர்கள் குழுவில் அந்தச் செய்தி வந்தது. ஈரக்கையோடு திறந்து பார்த்தேன். நம் காதர் சார் இன்று அதிகாலை மீமிசலில் மாரடைப்பால் காலமானார் என்று தலைமையாசிரியர் போட்டிருந்தார். வருத்தம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். எனக்குத் தர வேண்டிய படத்தைக் கொடுக்காமலே போய்விட்டாரே இந்த மனிதர் என்றுதான் நினைத்தேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆலங்குடிப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்தவர், சமூக அறிவியல் ஆசிரியர். சொந்த ஊர் மீமிசல். ஆலங்குடியில் வீடு எடுத்துக் குடும்பத்தோடு இருந்தார். பள்ளியில் எது நடந்தாலும் தம் போனில் படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கும் வேலையை யாரும் சொல்லாமல் தலையில் போட்டுக்கொண்டவர். "போட்டோ இல்லேன்னா விழாவே நடக்கலேம்பாங்க டீச்சர்" என்பார். மரம் நடும் விழாவில் படம் சரியில்லை என்று, நட்ட கன்றைப் பிடுங்கி மறுபடி நடவைத்தவர் அவர். வெயிலில் நின்ற நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம்.

பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துப் போனபோது, என்னோடு இருந்த அப்பாவும் வந்தார். அப்பாவுக்குக் கேமரா ஆகாது. யாராவது நீட்டினால் முகம் விறைத்துவிடும். அன்று சமணர் கற்படுக்கைகளைப் பார்க்கப் பாறைப் படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே, "ஏன் சார், அந்தக் காலத்துச் சாமியாருங்க இம்புட்டு ஒசரத்துல வந்து படுத்தாங்களே, குடிதண்ணிக்கு என்ன செஞ்சிருப்பாங்க?" என்று கேட்டார்.

"கேள்வி கேட்ட ஆளுக்கிட்ட கொடத்தைக் கொடுத்துக் கீழ அனுப்பியிருப்பாங்க ஐயா" என்றார் காதர் சார்.

அப்பா கைகொட்டிச் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. காதர் சார் சட்டென்று போனை எடுத்துப் படம் பிடித்தார். வெயிலில் திரை தெரியவில்லை. "அருமையா விழுந்திருக்கும் டீச்சர். ஸ்கூலுக்குப் போயி ஏத்தித் தாரேன்" என்றார்.

அந்த மழைக்காலத்தில் அப்பா இறந்துவிட்டார். வீட்டில் மாட்ட ஒரு நல்ல படம் இல்லை. ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம். அதில் அப்பா யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டு நிற்பவர் போல இருந்தார். அந்தச் சிரித்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் காதர் சாரிடம் கேட்டேன்.

"அதுல அனுப்புனா கொறஞ்சிரும் டீச்சர். பெருசு பண்ணுனா மூஞ்சி கலங்கிரும். கேபிள் போட்டு முழுசா ஏத்தித் தாரேன்" என்றார்.

அங்கே பிடித்தது சனி. முதல் கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும், படம் ஏற்றாது என்றார். புதுக்கோட்டைக்குப் போய் வேறு கேபிள் நானே வாங்கி வந்து கொடுத்தேன். இப்போது கம்ப்யூட்டர் போனைக் கண்டுகொண்டது, ஆனால் உள்ளே போல்டர் காலி. போன் லாக் ஆகியிருந்தால் அப்படித்தான் காட்டும் என்று பிறகு கண்டுபிடித்தார். லாக்கைத் திறந்தால் கரண்ட் போகும். கரண்ட் வந்தால் தலைமையாசிரியர் அவசர அறிக்கை என்று வந்து உட்காருவார். இதற்கிடையில் விளையாட்டு விழாப் படங்கள் ஏறின. சத்துணவு முட்டைப் படங்கள்கூட ஏறின. எங்கப்பா மட்டும் ஏறவில்லை.

"போனைக் கொடுங்க சார், நானே ஏத்திக்கிறேன்" என்று ஒருநாள் கையை நீட்டிவிட்டேன். "சார்ஜ் இல்ல டீச்சர்" என்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பாதிக்கு மேல் சார்ஜ் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்தினேன்.

அவர் நிறுத்தவில்லை. ஊருக்குப் போய்வந்த திங்கட்கிழமைகளில் என் மேசையில் ஒரு கருவாட்டுப் பொட்டலம் இருக்கும். நான் நகர்த்தி வைப்பேன். "கோவத்தை வச்சுக்கங்க டீச்சர், கருவாட்டை வீட்டுக்குக் கொண்டு போங்க. ஸ்டாப் ரூமே நாறுது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நான் சிரிக்க மாட்டேன்.

அடக்கத்துக்கு எல்லோரும் மீமிசல் போய் வந்தோம். சில நாள் கழித்து, கல்லூரி முடித்த அவர் மகள் ஷபானா பள்ளிக்கு வந்தார். "அத்தா போன்ல ஸ்கூல் படம் நெறைய இருக்கு டீச்சர். ஏத்திக்கிட்டுத் தாங்க" என்று லாக்கைத் திறந்து நீட்டினார். அதே கம்ப்யூட்டர்தான், அதே கேபிள்தான். சொருகியதும் போல்டர் திறந்துகொண்டது. ஒரு தடங்கலும் இல்லாமல் எல்லாம் ஏறின.

சித்தன்னவாசல் படமும் வந்தது. பாறை தெரிந்தது. அப்பாவின் வேட்டி தெரிந்தது, கொட்டச் சேர்த்த இரண்டு கைகளும் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டு இளஞ்சிவப்பாய் ஒரு விரல். அவசரத்தில் லென்சின் மேல் விழுந்த காதர் சாரின் விரல். அதன் பின்னால் அதே படம் வெட்டியும், வெளிச்சம் கூட்டியும் வரிசையாகக் கிடந்தது.

ஷபானா தலையைக் குனிந்துகொண்டார். "ஸ்டுடியோ ஸ்டுடியோவாக் கொண்டு போனாக டீச்சர். வெரலுக்குப் பின்னால இருக்கறதை வரவைக்க முடியாதுன்னுட்டாக. ஒரு எடத்துல, கம்ப்யூட்டரே ஒரு மூஞ்சி செஞ்சு வச்சிரும்னு சொல்லியிருக்காக. அது டீச்சரோட அப்பா இல்லையேன்னு அத்தா திரும்பி வந்துட்டாக. இன்னைக்கு டீச்சர்ட்டச் சொல்லிருவேன்னுதான் தெனமும் வீட்ட விட்டுக் கெளம்புவாக."

சொல்லியிருக்கலாம் சார். ஒருநாள் கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். பாழாய்ப்போன கேபிளின் மேல் பழியைப் போட்டு, நாம் பேசிச் சிரித்திருக்க வேண்டிய நாட்களையெல்லாம் தின்றுவிட்டீர்களே. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதைக் காட்ட நீங்கள் இல்லை என்பது அதைவிட எரிச்சலாக இருக்கிறது. போய் வாருங்கள் சார். உங்களை இனி எப்போது நினைத்தாலும் முதலில் திட்டிவிட்டுத்தான் அழுவேன்.

அந்தப் படத்தை முழு அளவில் பிரிண்ட் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். நேற்று பக்கத்து வீட்டு அக்கா வந்து வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"என்ன ஆத்தா இது, ஒண்ணும் வெளங்கலையே?"

"எங்கப்பா சிரிக்கிறாருக்கா."

"மூஞ்சியவே காணோம். முன்னால மறைச்சுக்கிட்டு இருக்கறது என்னது?"

"அதுவா? அவரைச் சிரிக்க வச்சவரு" என்றேன்.