உறைக்கு ஒரு சோடி மீன்

போன வாரம் சித்தூர் மீன் சந்தையில் அயிரை இருக்கிறதா என்று கேட்டேன். மீன்காரி செதில் சீவுவதை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தாள். "அயிரையா? அது எந்த ஊரு மீனு ஆயா? இத எடுத்துக்கினு போ. நம்ம ஏரி மீனு, நாட்டு மீனு." கூடையில் துடித்துக்கொண்டிருந்தது ஜிலேபிக் கெண்டை. அதை அவள் நாட்டு மீன் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சேற்று வாசனை மூக்கில் ஏறியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அதே வாசனையோடுதான் ஒரு பித்தளைக் குடம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆந்திர ராஜ்யம் பிரிந்த புதிது. நகரிக்கு அப்பால், பெரிய ஏரி ஒன்றின் மேற்கரையில் எங்கள் ஊர். நைனா அங்கே கணக்குப்பிள்ளை. நான் ஊர்ப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த டீச்சர். கொஞ்சம் புத்தகம் படித்திருந்ததால் உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்றிருந்த வயது. நைனா சர்க்கார் மீன் பண்ணையிலிருந்து அந்தக் குடத்தில் ஏழு மீன்களைக் கொண்டுவந்து கொல்லைக் கிணற்றில் விட்டார். ஜிலேபிக் கெண்டை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சாதியாம். கிணற்றைத் தாண்டி வெளியே விடுவதில்லை என்று பண்ணை அதிகாரியிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். "பெருகட்டும், அப்புறமா ஊருக்குச் சொல்லிக்கலாம். அதுவரைக்கும் வாயத் தொறக்காத" என்றார். கையெழுத்துக்கு மதிப்புள்ள உத்தியோகம் அவருடையது.

நான் வாயைத் திறக்கவில்லை. கிணற்றைத்தான் திறந்து காட்டினேன், ஒரே ஒருத்திக்கு.

அவள் கமலா. ஏரியின் கீழ்க்கரையிலிருந்த தெலுங்கு ஊரிலிருந்து கரை மேலேயே நடந்து எங்கள் பள்ளிக்குப் பாடம் நடத்த வருவாள். அப்போது எல்லைச் சண்டை மும்முரமாக இருந்தது. எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்குப் போகும் என்று இரண்டு கரையிலும் கூட்டம் போட்டார்கள். கரையில் எதிர்ப்பட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நாங்கள் இருவர் மட்டும் ஒரே தூக்கில் மோர்சோறு கொண்டுபோய்ப் பகிர்ந்துகொண்டிருந்தோம்.

கிணற்றுக்குள் அன்று ஒரு தாய்மீன் வாயைத் திறந்தது; உள்ளேயிருந்து குஞ்சுகள் புகைபோல வெளிவந்தன. எங்கள் நிழல் அசைந்ததும் மறுபடி வாய்க்குள்ளேயே ஓடி ஒளிந்தன. கமலா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அம்மம்மா, என்ன தாயிடி இது! உறைக்கு ஒரு சோடி குடேன்."

உறை மோர் கேட்டு வந்தவளை எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் வெறுங்கையாக அனுப்புவதில்லை. பேச்சுவார்த்தை இல்லாத வீடானாலும் உறைக்கு மட்டும் இல்லை என்று சொல்லக்கூடாது. அந்தச் சொல்லைக் கேட்டதும் கையெழுத்து மறந்துபோயிற்று. ஒரு சொம்பில் இரண்டு மீனை மொண்டு கொடுத்தேன். இரண்டு ராஜ்யங்களுக்கும் நானே சமாதானம் செய்துவைத்ததாக மனத்துக்குள் ஒரு மிதப்பும் இருந்தது.

கமலா வீட்டு மாட்டுத் தொட்டியில் அவை பெருகின. அவளிடமும் உறைக்குக் கேட்டார்கள். அவளும் இல்லையென்று சொல்லவில்லை. சொம்பு சொம்பாய்க் கிணறு, குட்டை, தொட்டி என்று பரவி, ஓர் ஐப்பசி மழையில் எல்லாம் நிரம்பி வழிந்து ஏரியில் கலந்தன.

ஏரி வற்றும் கோடையில் இரண்டு ஊரும் ஒரே நாளில் இறங்கி மீன் பிடிப்பது வழக்கம். முதலில் பெண்கள் பழம்புடவையின் இரு முனைகளைப் பிடித்துச் சேற்றில் இழுத்து அயிரை வாருவார்கள். முதல் புடவை அயிரை, எந்தக் கரையானாலும், பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு. அதைக் குழம்பு வைத்துத் தின்றால் பால் ஊறும் என்பது எங்கள் நம்பிக்கை.

எல்லை முடிவான வருஷம் பிள்ளை பெற்றிருந்தவள் கமலா. தமிழ் பேசும் எங்கள் ஊர் ஆந்திராவில் நின்றது. தெலுங்கு பேசும் அவள் ஊர் மதராஸுக்குப் போயிற்று. அவளுக்குப் பால் போதவில்லை. பசியில் அழும் குழந்தையோடு கரைமேல் நின்றாள். நானும் அவள் மாமியாரும் புடவையை இழுத்தோம். ஜிலேபி வந்தது. மறுபடி இழுத்தோம், ஜிலேபி. ஏரியின் அடிச்சேறு முழுதும் அவை தோண்டிய குழிகள், தட்டுத் தட்டாய். நாலாவது முறை மாமியார் முனையை விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்தாள். "அயிரை மொத்தத்தையும் இதுங்க துன்னுட்டுதுடி."

எங்கள் ஊர் ஆண்கள் கத்தினார்கள். "அந்தூரு டீச்சரம்மா வூட்டுத் தொட்டியில மொதல்ல பாத்தது நாங்க! வேணும்னே ஏரியக் கெடுத்துட்டுப் போறானுங்க!"

நைனா கூட்டத்தில்தான் நின்றிருந்தார். நான் சேற்றிலிருந்து கால்களைப் பிடுங்கிக்கொண்டு கரையேறினேன். சொல்லிவிடத்தான் ஏறினேன். கமலா என் மணிக்கட்டைப் பற்றினாள். "செப்பொத்து. சொல்லாதடி. நாங்க எப்படியும் அந்தப் பக்கம் போயாச்சு. உங்க நைனா இந்த ஊர்ல தலை நிமிர்ந்து நடக்கவேணாமா?" பிறகு கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: "ஆமா, எங்க தொட்டி மீனுதான்."

நான் சொல்லவில்லை. நைனாவும் சொல்லவில்லை. அன்று வீடு போய்ச் சேரும்வரை அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மறுநாள் கொல்லைக் கிணற்றின் மேல் பலகை போட்டு மூடினார். அடுத்த கோடையில் அவரவர் கரையில் அவரவர் இறங்கினார்கள். கமலா அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு மாறிப் போனாள். குழந்தை பிழைத்து நடந்தது என்று மட்டும் யாரோ சொல்லக் கேட்டேன். கரை மேல் அரைமணி நடை. ஒருநாளும் நான் நடக்கவில்லை.

"ஏன் ஆயா, வேணுமா வேணாமா?" என்றாள் மீன்காரி.

"இது நாட்டு மீனு இல்லம்மா. இத நம்ம ஏரிக்கு வுட்டது நான்தான்" என்றேன். இத்தனை வருஷத்தில் முதல் முறையாக.

அவள் பக்கத்துக் கடைக்காரியிடம் திரும்பினாள். "கேட்டியாடி? ஏரிக்கே மீனு வுட்டதாம் இந்த ஆயா!" இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். நைனா இல்லை, கமலா இல்லை. அன்று கத்தியவர்களில் ஒருவரும் இல்லை. அயிரை என்றால் என்னவென்று தெரிந்தவர்கள்கூட இல்லாத சந்தையில் நான் நின்றுகொண்டிருந்தேன். சிரித்து முடித்தவள் ஒரு மீனை என் பையில் போட்டாள்; நான் கேட்காமலே சோடியாக இன்னொன்றையும் எடுத்துப் போட்டாள்.