கிழிய வேண்டிய தையல்

கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். தேனிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வந்தபோது ஊசியில் நூல் கோர்க்க மட்டும்தான் தெரியும். கடைசி நான்கு வருடம் ஒரே மெஷினில்தான் உட்கார்ந்தேன். முன் சீட்டின் வெளிப்பக்கம், கதவை ஒட்டி ஒரு சாண் நீளத்துக்கு ஒரு தையல் வரும். சீட்டுக்குள் இருக்கும் காற்றுப்பை, பக்கவாட்டில் இடி வாங்கினால் அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். அதனால் அதற்கு மட்டும் வலுக்குறைந்த தனி நூல். எத்தனை தையல் என்று மெஷினே எண்ணும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பூட்டிக்கொள்ளும். ஒருமுறை நான் நூல் சுற்றிய பாபினை மாற்றிப் போட்டுவிட்டேன். சாதாரணக் கெட்டி நூல். அன்றைய ஷிப்ட்டில் தைத்த அத்தனையையும் என் கண் முன்னாலேயே வெட்டிக் குப்பையில் போட்டார்கள். சூப்பர்வைசர் திட்டவில்லை. "இது கிழியலேன்னா உள்ள உக்காந்திருக்கறவன் கிழிஞ்சிருவாம்மா" என்றார், அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொல்லக் காரணம், கார் வாங்குகிறேன் என்று நான் வீட்டில் ஆடிய ஆட்டம்தான். எல்லோரும் என்னைப் பைத்தியம் என்றார்கள். என் வீட்டுக்காரர் உத்தனப்பள்ளி தாண்டி ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். போன வருடம் உத்தனப்பள்ளிக்கு முன்னால், வலது பக்கக் கிளைச் சாலையிலிருந்து நிற்காமல் வந்த ஒரு கார் அவருடைய பைக்கை அடித்துத் தூக்கியது. வலது விலாவில் மூன்று எலும்பு. நுரையீரலில் குத்தாமல் போனது சாமி புண்ணியம். இன்றைக்கும் தும்மல் வந்தால் கையை விலாவில் வைத்துக்கொண்டுதான் தும்முவார். இன்னொரு அடியை அந்த இடம் தாங்காது என்று டாக்டர் சொன்னது என் காதிலேயே நின்றுவிட்டது.

அதோடு பைக் வேண்டாம் என்று முடிவானது. எந்தக் கார் என்பதுதான் முடியவில்லை. நான்கு மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடாமல் ஷோரூம் ஷோரூமாக அவரை இழுத்துக்கொண்டு அலைந்தேன். போன உடனே முன் கதவைத் திறந்து சீட்டின் வெளிப்பக்கத்தைத் தடவுவேன். மெத்தை மெத்தென்று இருக்கிறதா என்று பார்க்கிறேன் என நினைத்துக்கொள்வார்கள். ஒரு பையன் எங்களிடம் தமிழிலும், பக்கத்து மேஜைக்காரரிடம் கன்னடத்திலும், போனில் தெலுங்கிலுமாகப் பேசிக்கொண்டே காரின் கூரையைத் திறந்து காட்டினான்.

"இதுல உக்காந்து நிலா பாக்கலாம் மேடம்."

"நிலா பாக்க எங்களுக்கு மொட்டை மாடி இருக்கு தம்பி. பக்கவாட்டுல காத்துப்பை இருக்கா, அதைச் சொல்லு."

"அது மேல் மாடல்லதான் மேடம் வரும். இதுல முன்னாடி ரெண்டு இருக்கு."

"இவருக்கு அடி பட்டது முன்னாடி இல்லை, பக்கத்துல" என்று எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து, "எதையாவது ஒண்ண வாங்கித் தொலைக்கலாம்டி, காலு வலிக்குது" என்றார்.

அவருடைய அண்ணனுக்கு நான் செய்வது ஒன்றும் பிடிக்கவில்லை. காவேரிப்பட்டினத்தில் மாந்தோப்பு வைத்திருக்கிறார். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். "ஏம்மா, வண்டின்னா நாலு பொட்டி மாங்கா ஏறணும், பள்ளத்துல அடி தட்டாம போவணும். பலூனை வெச்சிகினு என்னா பண்றது, திருவிழாவுல தோரணம் கட்டவா?" என்று கேலி செய்வார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச எனக்கு நாக்கு வராது. விபத்து நடந்த அன்று ஓசூரில் மாங்காய் விலை பேச வந்திருந்தவர், ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காமல் தன் காரின் முன் சீட்டைச் சாய்த்துத் தம்பியைக் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். பதினோரு நாள் அங்கேயே ஒரு பெஞ்சில் கிடந்தார்.

கடைசியில் நான் கேட்டபடியே ஒரு கார் வந்தது. தடவிப் பார்த்தேன். அதே ஒரு சாண் தையல், பக்கத்தில் உள்ளே காற்றுப்பை இருக்கிறது என்று காட்டும், சுண்டுவிரல் நகம் அளவுத் துணிப் பட்டை. அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதி ஒரு வாரம்தான் இருந்தது.

கோயிலில் பூஜை போட வேண்டும் என்று மாமா காரை ஊருக்கு வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் சரி. கதவைத் திறந்தால் நான்கு சீட்டுக்கும் மெரூன் நிறத்தில் தடித்த ரெக்சின் உறை, தங்க நூல் தையலோடு. முதுகிலிருந்து அடிவரை கொக்கி போட்டு இறுக்கியிருந்தார்கள். என் தையல் இருந்த இடமே தெரியவில்லை.

"என்னோட வண்டிக்குப் போட்ட அதே கடையில போட்டேம்மா. இருக்கறதுலயே கெட்டியானது. பத்து வருசம் ஆனாலும் கிழியாது" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் காபி போடப் போகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் இருப்புக்கொள்ளவில்லை. காலையில் வீட்டுக்காரர் கிளம்பி, உத்தனப்பள்ளி தாண்டும் நேரம் ஆனதும் போன் போடுவேன். ஓட்டும்போது எடுக்க மாட்டார். எடுக்கவில்லையே என்று மறுபடி போடுவேன். அடுப்பில் வைத்தது தீயும். மூன்றாவது வாரம் அவரிடம் சொல்லிவிட்டேன்.

"அண்ணன் ஆசையா போட்டது. உடனே கழட்டினா மனசு நோவும். கொஞ்ச நாள் போகட்டும்" என்றார்.

"உங்க அண்ணன் மனசைவிட எனக்கு உங்க விலா பெருசு" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, கழற்றவில்லை. எனக்கும் மாமா முகத்தை நினைத்துப் பயம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டை வழியாகக் காவேரிப்பட்டினம் போனோம். உத்தனப்பள்ளிக்கு முன்னால் அதே கிளைச் சாலை. தக்காளி ஏற்றிய வேன் ஒன்று வலது பக்கமிருந்து சரேலென்று வந்து, எங்கள் கதவுக்கு ஒரு முழம் தள்ளிக் கிறீச்சிட்டு நின்றது. வேன் டிரைவர் தெலுங்கில் என்னவோ கத்தினான். இவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து வலது விலாவில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மாமா வீட்டு வாசலில் கார் நின்றதும் இறங்கிச் சுற்றி வந்து வீட்டுக்காரர் பக்கக் கதவைத் திறந்தேன். "இறங்குங்க" என்றேன். என் கைப்பையில் எப்போதும் நூல் வெட்டும் கத்தரி கிடக்கும். மெரூன் உறையில் குத்தி, மேலிருந்து கீழே இழுத்தேன். ரெக்சின் கர்கர் என்று சத்தம் போட்டது. அதற்குள் மாமா வெளியே வந்துவிட்டார்.

"என்னம்மா பண்ற? நான் போட்டது புடிக்கலேன்னா வாயால சொல்லக் கூடாதா? என் வாசல்லயே நிறுத்தி வெச்சுக் கிழிக்கற?"

"ஐயோ மாமா, நீங்க போட்டதுல குத்தமில்ல மாமா" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் கையைப் பிடித்து இழுத்து, விரலை அந்தத் தையல் மேல் வைத்தேன். "இது கிழியணும் மாமா. கிழியறதுக்குன்னே தைக்கிறது. நான் நாலு வருஷம் இதை மட்டும்தான் தைச்சேன். இது வழியா பை வெளிய வந்தாத்தான் உங்க தம்பி விலா தப்பும். நீங்க போட்டது கிழியாது மாமா. அதுதான் எனக்கு பயம்."

அவர் தையலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை விரலால் தடவினார். பக்கத்திலிருந்த துணிப் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு திரும்பி நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்காரர், "அண்ணா, அண்ணா" என்று பின்னால் ஓடினார்.

அவர் மாமரத்தடியில் நின்ற தன் காருக்குப் போனார். மூன்று வருடத்துக்கு முன் ஊரே பார்க்கட்டும் என்று மேல் மாடலாக வாங்கியது. முன் சீட்டின் கதவைத் திறந்து, அவர் மனைவி, எங்கள் அக்கா, எப்போதும் உட்காரும் அந்தச் சீட்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, உறையின் அடிவழியாகக் கையை நுழைத்தார். முழங்கைவரை உள்ளே போனது. தேடினார். கை ஒரு இடத்தில் நின்றது.

"ஏம்மா" என்றார். "இங்கயும் அந்தச் சின்னத் துணி நெருடுதும்மா."

அவர் கையை வெளியே எடுக்கவில்லை.

"இதுலதாம்மா அன்னிக்கு தம்பிய படுக்க வெச்சு அவ்ளோ வேகத்துல ஓட்டிகினு போனேன்."

நான் போய்க் கத்தரியை நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"நீயே வெட்டும்மா" என்றார். "எது கிழியணும்னு உனக்குத்தான் தெரியும்."