எடையை மறைத்த வீடு

மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் போகும் சாலையில், வாய்க்கால் மதகைத் தாண்டியதும் இருந்த நடுநிலைப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தேன். வருகைப் பதிவேட்டையும் இருப்புப் பதிவேட்டையும் பள்ளியில் எழுதுவேன். வீட்டுக்கு வந்தபின் நாட்குறிப்பு எழுதுவேன். பதிவேட்டில் தெரிந்தே பொய் எழுதியது ஒரே ஒரு முறை. அது எப்படி நடந்தது என்பதை நாட்குறிப்பைப் பார்த்தே இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக்கு வீடு இலவச டிவி வந்து சேர்ந்திருந்த சமயம். ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து பெண் டாக்டர் ஒருவரும் இரண்டு மாணவிகளும் எங்கள் பள்ளிக்கு வருவதாகக் கடிதம் வந்தது. கிராமத்துப் பிள்ளைகளின் உடல் கொழுப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கப் போகிறார்களாம். என் கையெழுத்து தெளிவாக இருக்கும் என்பதால் தலைமையாசிரியர் என்னை உதவிக்குப் போட்டார். எனக்கு விஷயமே புதிராக இருந்தது. நான் வேலையில் சேர்ந்த வருடம் இதே பள்ளியில் பிள்ளைகளுக்கு விலா எலும்பு துருத்திக்கொண்டிருக்கும். எடை போடுவதெல்லாம் யார் மெலிந்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் மாலை, ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா சமையற்கூடத்துக்கு வந்தார். கீழத்தெருவில் இருக்கும் விவசாயக் கூலி. ஆற்றோரத்துத் தரிசு நிலத்துக்கு மனு கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அது அரசு நிலம். ஊரின் பெரிய பண்ணைக்காரர் பல காலமாகத் தன் வயலோடு சேர்த்து உழுதுவந்தார். நிலமில்லாதவர்களுக்கு அதைப் பிரித்துக் கொடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்ததிலிருந்து இரண்டு முறை கைகலப்பு நடந்திருந்தது. அந்த மாதம் தாலுகா ஆபீசிலிருந்து விசாரணைக்கு வீடு வீடாக வருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

"டீச்சர், எம் பொண்ண எடை போட வேணாம். வரலைன்னு எழுதிடுங்க" என்றார்.

காரணம் கேட்டேன். முன்பு வீட்டுமனைக்கு எழுதிக்கொடுத்தபோது, வாசலில் கட்டியிருந்த பசுவைப் பார்த்து அலுவலர் குறித்துக்கொண்டு போனாராம். வேறொருவர் மாடு அது, இவர் வளர்க்க மட்டும் வாங்கியிருந்தார். மனு தள்ளுபடியானது. இப்போது மாடு இல்லை. ஆனால் பெண் நல்ல பருமன். அவள் எடை ஒரு காகிதத்தில் ஏறினால், இந்த வீட்டில் ஏழ்மை இல்லை என்று யாராவது எழுதிவிடுவார்கள் என்று அவர் நம்பினார். வருகிறவர்கள் டாக்டர்கள், தாலுகா ஆபீசுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"எல்லாம் ஒரே ஆபீசுதான் டீச்சர். பேப்பருதான் வேற வேற" என்றார்.

எடை பார்க்காவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். மறுநாள் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக 'வரவில்லை' என்று எழுதினேன். அவள் சமையற்கூடத்தில் சமையல் ஆயாவோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

வகுப்பறையில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு எடுத்தார்கள். மேற்கையின் பின்பக்கச் சதையை இடுக்கி போன்ற ஒரு கருவியால் பிடித்து அளந்தார்கள். பிள்ளைகள் கூச்சத்தில் நெளிந்தார்கள். கடைசியாக ரத்த அழுத்தம். ஒவ்வொரு பிள்ளையையும் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்த பிறகுதான் கையில் பட்டையைச் சுற்றினார்கள். நான் எண்களை எழுதினேன். வரிசையில் நின்ற ஒருவன், "அரிசி மூட்டைய ஏன் டீச்சர் எடை போடல?" என்று கேட்டான். அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் வைத்திருந்த பெயர் அது. நான் அவனை அடுத்த வரிசைக்கு அனுப்பினேன்.

சாப்பாட்டு நேரத்தில் டாக்டர் நான் எழுதிய தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அளந்தவர்களில் பருமனாக இருந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அழுத்தம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பதைக் காட்டினார். வலியோ காய்ச்சலோ இருக்காது, அதனால் யாரும் தேட மாட்டார்கள், வருடக்கணக்கில் இப்படியே இருந்தால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும் என்றார். ஊரில் எல்லாரும் சதைப்பிடிப்பை ஆரோக்கியம் என்றே நினைக்கிறார்கள் என்றும் சொன்னார். அப்போது அந்தப் பெண் தண்ணீர்க் குடத்தோடு எங்களைக் கடந்து போனாள்.

"இந்தப் பொண்ண நாம அளக்கலையே?"

தாமதமாக வந்தாள் என்றேன். ஒரே நாளில் இரண்டாவது பொய். வருகிற வியாழக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பேன், அவளை அனுப்பிவையுங்கள் என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

அன்று மாலையே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா நடவு முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார், ஒல்லியான பெண்மணி. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். பெண்ணுக்குத் தலைவலி வருமா என்று கேட்டேன். அவ்வப்போது வரும், டிவி பார்ப்பதால்தான் என்றார் அம்மா. பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"நான் இவ வயசுல பண்ணையில நாத்து பறிச்சவ டீச்சர். எம் புள்ளைக்கு எலும்பு தெரியக்கூடாதுன்னுதான் வளத்தேன். இப்ப அதையும் நோவுன்னு சொல்றீங்க."

அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தப் பேப்பரில் என்னென்ன கட்டங்கள் இருக்கின்றன?

படிவத்தின் தலைப்புகளை, நாட்குறிப்பில் சேர்ப்பதற்காக ஒரு தாளில் வரிசையாகக் குறித்து வைத்திருந்தேன். எடுத்துப் படித்தேன். வரிசை எண், வயது, வகுப்பு, உயரம், எடை, இடுப்பளவு, சதை அளவு, அழுத்தம். பெயர் இல்லை, கதவு எண் இல்லை. அவர் முகம் தெளிந்துகொண்டு வந்தது. கடைசிக் கட்டம் தந்தையின் தொழில். அதைப் படிக்காமல் விட்டிருக்கலாம், படித்தேன்.

அவர், "அதுல கூலின்னு போடணும். நான் பாக்க நீங்களே எழுதணும்" என்றார்.

"கூலிதானே நீங்க?"

"ஆமா. அது எழுத்துல இருக்கணும்."

வியாழக்கிழமை வயல் வேலையை விட்டுவிட்டு மகளைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வந்தார், நானும் போயிருந்தேன். அவளுடைய கைக்குச் சிறுவர் பட்டை போதவில்லை. சின்னப் பட்டையைச் சுற்றினால் எண் கூட்டிக் காட்டும் என்று சொல்லி, டாக்டர் பெரியவர்களுக்கான பட்டையைக் கொண்டுவரச் சொன்னார். மூன்று முறை பார்த்தார். மேல் எண் நூற்று முப்பத்தாறு. அவள் வயதுக்கு அது அதிகம். ஒரு நாள் அளவை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று இன்னும் இரண்டு முறை வரச் சொன்னார். அப்பா இரண்டு முறையும் வந்தார். எண் பெரிதாக இறங்கவில்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை. இப்போதைக்கு மருந்து வேண்டாம், கருவாடு, ஊறுகாய், பாக்கெட் தீனி மூன்றையும் குறைக்க வேண்டும், சோறு அளவாகச் சாப்பிட வேண்டும், தினமும் ஓடி விளையாட வேண்டும், ஆறு மாதம் கழித்தும் இப்படியே இருந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார் டாக்டர். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கிளம்பும் முன் தாளை வாங்கி, 'கூலி' என்று நான் எழுதியிருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த நாள் பதிவேட்டில் 'வரவில்லை' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'வந்திருந்தாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் கேட்காததை ஏன் கிளறுகிறீர்கள் என்று தலைமையாசிரியர் அலுத்துக்கொண்டார். நில விசாரணைக்கு யாரும் வரவில்லை. பண்ணைக்காரர் கோர்ட்டில் தடை வாங்கியிருந்தார்.

திங்கட்கிழமை காலை அந்தப் பெண்ணின் அம்மா சமையற்கூடத்துக்கு வந்தார். வேலைக்குப் போகும் அவசரத்தில் இருந்தார்.

"அவ ரெண்டாந்தடவ தட்ட நீட்டினா போடாதீங்க டீச்சர். வீட்டுல என்னால முடியல. போதும்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது."

அத்தனை வருடத்தில் இரண்டாம் முறை கேட்ட பிள்ளைக்கு நான் இல்லை என்று சொன்னதில்லை. அன்று ஆயாவிடமிருந்து கரண்டியை நானே வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண் முதல் முறை சாப்பிட்டு முடித்துவிட்டு மறுபடி வந்து தட்டை நீட்டினாள். சாம்பாரிலிருந்து பூசணித் துண்டுகளை மட்டும் எடுத்து வைத்தேன்.

"சோறு தீந்துபோச்சா டீச்சர்?"

"இருக்கு" என்றேன். "உனக்கு இவ்வளவுதான்."

அவள் அண்டாவை எட்டிப் பார்த்தாள். பின்னால் நின்றவன் தட்டை இடித்தான். அவள் நகர்ந்து போய், சுவரோரமாக உட்கார்ந்து பூசணித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தின்றாள்.