இந்திராதேவி வீட்டுக் கஞ்சாச் செடிகள்

இந்திராதேவியும் அவளுடைய தம்பி கரிகாலனும் பேசிக்கொள்வதில்லை. பிரான்சில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் அவள் வேலை செய்யும் மரக்கறிக் கடைக்கும் அவன் சமைக்கும் உணவகத்துக்கும் நடுவே ஒரு தெருமுனைதான். எதிரெதிரே வந்துவிட்டால் அவன் மறுபக்க நடைபாதைக்கு மாறிவிடுவான். அவள் மாறமாட்டாள். தெருவே தன்னுடையது என்பதுபோல நேரே நடப்பாள்.

இந்தப் பகை எப்படி வந்தது என்று எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் அதே மரக்கறிக் கடையில் காசுமேசையில் நிற்பவள். இரண்டு பேர் வாயாலும் கேட்டதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிரான்சுக்கு முதலில் வந்தவன் கரிகாலன். அக்கா வந்திறங்கிய குளிர்காலத்தில் தன் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டுக் குசினித் தரையில் படுத்தவன். அவளுடைய கணவர் லண்டனுக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டபோது, "அந்தாளின்ர பேரை இனி இஞ்சை எடுக்காதை" என்று சொல்லி அவளோடு நின்றவனும் அவன்தான். அதனால் உணவகக் குசினியில் எண்ணெய் வழுக்கி விழுந்து, முதுகைப் பிடித்தபடி அவன் வந்து நின்றபோது அவள் யோசிக்கவில்லை. புறநகரான பியர்ஃபித்தில் தன் பெயரில் இருந்த அரசாங்க வீட்டின் சின்ன அறையைக் கொடுத்தாள்.

அவன் மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்பினான். வலி மட்டும் போகவில்லை. வலிக்கு விழுங்கிய குளிசைகள் வயிற்றைப் புரட்டின. கூட வேலை செய்த ஒரு பிரெஞ்சுக்காரன் கொடுத்த கஞ்சாவைப் புகைத்தபோதுதான் நித்திரை வந்தது. அதே ஆள் பிறகு விதையும் கொடுத்தான். ஒருநாள் இந்திராதேவி அந்த அறையைக் கூட்டப் போனால், உள்ளே கறுப்புத் துணிக் கூடாரம் ஒன்று நின்றது. திறந்து பார்த்தாள். விளக்கு எரிந்தது, சின்ன விசிறி சுற்றியது, நான்கு சாடிகளில் முழங்கால் உயரத்துக்குச் செடி.

"உது என்னடா?"

"மருந்து."

"மருந்து மருந்துக்கடையிலதான் விக்கும். உது பொலிஸ் தேடி வாற சாமான்."

"ஆர் வரப்போறான்? நீ வாயைப் பொத்திக்கொண்டிரு, ஒருத்தரும் வரமாட்டாங்கள்."

அவள் அப்போது பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு, பிரெஃபெக்தூர் அலுவலகத்தின் நேர்முகத்துக்குக் காத்திருந்தாள். வீடு அவள் பெயரில். பொலிஸ் வந்தால் யாருடைய கதவைத் தட்டும்? செடி வளர வளர வாசனையும் வளர்ந்தது. அவள் சாம்பிராணி போட்டாள், ஊதுபத்தி கொளுத்தினாள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெனவியேவ் மாடிப்படியில் அவளை மறித்து, "மதாம், உங்கள் கடவுளுக்கு மூக்கு அடைத்துவிட்டதா?" என்று கேட்டாள். இந்திராதேவி விறுவிறுவென்று மேலேறினாள். வீட்டுக்குள் வந்து தம்பியிடம் கத்தினாள்.

"நாளைக்கே உதெல்லாத்தையும் எடுத்து எறி. இல்லாட்டி நீயும் வெளியில போ!"

கரிகாலன் சத்தம் போடவில்லை. "நான் குசினித் தரையில படுத்தது உனக்கு மறந்துபோச்சு என்ன?" என்று மட்டும் கேட்டான்.

அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அவள் அவனை வெளியில போ என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே எரிந்தது அணையவில்லை. செய்த உதவியைச் சுருக்குக் கயிறாக்கிக் கழுத்தில் போட்டுவிட்டானே என்று என்னிடம் சொல்லிச் சொல்லிக் கீரைக்கட்டுகளைத் தூக்கி எறிவாள்.

திங்கட்கிழமை அவளுக்கு லீவு. அவன் மத்தியான வேலைக்குப் போயிருப்பான். அந்தத் திங்கள் அவள் ஒரு கைப்பிடி கல்லுப்பைச் சுடுதண்ணீரில் கரைத்து, ஆறவைத்து, நான்கு சாடிக்கும் பிரித்து ஊற்றினாள். அடுத்த திங்களும் ஊற்றினாள்.

கொஞ்ச நாளில் இலை நுனிகள் சுருண்டன. ஓரங்கள் துருப்பிடித்ததுபோலப் பழுப்பாகின. கரிகாலன் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை வாங்கிவந்து கூடாரத்துக்குள் குந்தியிருந்தான். கைபேசியில் யார் யாரோ போட்ட படங்களோடு தன் இலைகளை ஒப்பிட்டுப் பார்த்தான். ஓரம் கருகினால் பொற்றாசியம் குறைவு என்று ஒருவன் எழுதியிருந்தான். பொற்றாசியம் ஊற்றினான். பிறகு கீழ் இலைகள் வெளிறத் தொடங்கின. நரம்பு பச்சையாகவே நிற்க, நடுப்பகுதி மட்டும் மஞ்சளானது. அது மக்னீசியக் குறைவாம். அதையும் ஊற்றினான். கடைசியில் இலை முழுவதும் மஞ்சளாகி உதிர்ந்தபோது, நைதரசன் என்று தலையில் அடித்துக்கொண்டான். ஒவ்வொரு உரப் போத்தலும் ஏற்கெனவே உப்பேறிய மண்ணை இன்னும் கெடுத்தது.

"அக்கா, நீ கடையில எத்தினை இலையைப் பாக்கிறனி. இது என்ன வருத்தமெண்டு சொல்லன்."

"எனக்கென்ன தெரியும்? அழுகினால் எறிவன்."

விதை கொடுத்தவனோடு அவன் சண்டைக்குப் போனான். கெட்ட விதை என்றான். அந்த ஆளோ இவனுக்குக் கைராசி இல்லை என்றான். அந்த நட்பும் அத்தோடு போயிற்று.

பிறகு தண்ணீரில் எவ்வளவு உப்புச்சத்து இருக்கிறது என்று காட்டும் பேனை மாதிரி ஒரு கருவியை வாங்கினான். சாடியின் அடித்தட்டில் வடிந்த தண்ணீரில் அதை வைத்தபோது எண் எக்கச்சக்கமாக ஏறியது. தான்தான் உரத்தை அள்ளிக் கொட்டிவிட்டதாக நினைத்து, சாடிகளைக் குளிக்கும் தொட்டியில் வைத்து வெறும் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி மண்ணைக் கழுவினான். போத்தல்களை ஒதுக்கி வைத்தான். இரண்டு செடி தப்பியது. உச்சியில் புதுத் தளிர் பச்சையாக வந்தது.

"பார் அக்கா, பிள்ளையள் எழும்பிட்டுதுகள்!" என்று சாடியோடு குசினிக்கு வந்தான்.

இந்திராதேவிக்குப் பிள்ளை இல்லை. அந்தச் சொல் அவளுக்கு எங்கே போய்க் குத்தியது என்று அவன் கவனிக்கவில்லை. அடுத்த திங்கள் அவள் இரண்டு கைப்பிடி போட்டாள்.

கருவியில் எண் மறுபடி ஏறியபோது கரிகாலன் திகைத்துப்போனான். இம்முறை அவன் எந்த உரமும் போடவில்லை. குழாய்த் தண்ணீரை அளந்தான், அதில் ஒன்றுமில்லை. அடித்தட்டில் நின்ற தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தான். வாழ்நாள் முழுக்கக் குழம்பு ருசி பார்த்த நாக்கு.

தட்டை ஏந்திக்கொண்டு நேரே குசினிக்கு வந்தான். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"குடி."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"குடிச்சுப் பார். எவ்வளவு உப்பெண்டு சொல்லு."

அவள் தட்டை வாங்கித் தொட்டியில் ஊற்றினாள். "ஓம். நான்தான் போட்டனான். இனியும் போடுவன்."

"ரெண்டு மாசமா நான் இலையோட கிடந்து சாகிறன். நீ பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறாய்!"

"சிரிக்கேல்லை. எப்ப செத்துத் துலையுமெண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

"உன்னை மாதிரி ஒருத்தியோட அத்தான் எப்பிடித்தான் அவ்வளவு நாள் இருந்தவரோ!"

அவள் எறிந்த வெங்காயத்தட்டு அவன் தோளில் பட்டுச் சுவரில் மோதியது. அவர்கள் பேசிய கடைசிப் பேச்சு அது.

மறுநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது அவனுடைய உடுப்புகள் இல்லை. செடியும் கூடாரமும் விளக்கும் அப்படியே இருந்தன. வேண்டுமென்றேதான் விட்டுப்போனான். "அவளின்ர வீடுதானே, அவளே வைச்சுக்கொள்ளட்டும்" என்று பிறகு எனக்குச் சொன்னான்.

இந்திராதேவி அன்றைக்கே செடிகளைப் பிடுங்கிக் கீரை அரிவதுபோல அரிந்து, கறுப்புப் பைகளில் கட்டினாள். நாற்றம் கைக்கு ஏறியது. இருட்டும்வரை பொறுக்காமல், பை இரண்டையும் தூக்கிக்கொண்டு மின்தூக்கியில் ஏறினாள். அடுத்த மாடியில் கதவு திறந்தது. ஜெனவியேவ் உள்ளே வந்தாள்.

பையைப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள். "கடைசியில் எறிகிறீர்களா? அரசாங்க வீட்டு அலுவலகத்துக்கு நான் போன வாரமே சொல்லிவிட்டேன்."

"அது என்னுடையது இல்லை, மதாம்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்."

வீட்டு அலுவலகம் அவளைக் கூப்பிட்டு விசாரித்தது. அறையை வந்து பார்த்தார்கள். வெறும் அறை; கூடாரத்தையும் விளக்கையும் அவள் அதற்குள் குப்பைக்கு அனுப்பியிருந்தாள். இன்னொரு முறைப்பாடு வந்தால் வீடு போகும் என்று எச்சரித்து விட்டார்கள். பொலிஸ் வரவில்லை. ஆனால் நேர்முகம் வரும்வரை, கதவு மணி அடித்தால் அவள் துளை வழியாகப் பார்த்துவிட்டுத்தான் திறந்தாள். அதற்கும் தம்பியைத்தான் திட்டினாள்.

நேர்முகத்தில் குடும்பத்தினர் யாராவது பிரான்சில் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். "ஒரு தம்பி இருக்கிறார். பேச்சு இல்லை" என்றாள். அதற்குமேல் அவர்கள் கேட்கவில்லை.

போன வருடம் குடியுரிமை கிடைத்தது. எங்கள் முதலாளி கடைக்கு லட்டு வாங்கிவந்தார். சமாதானம் பண்ணிவைக்கலாம் என்ற நினைப்பில், ஒரு பெட்டியைக் கட்டிக் கரிகாலனின் உணவகத்துக்கும் கொடுத்தனுப்பினார். அவன் அதைத் திறக்கவேயில்லை. கொண்டுபோனவன் கையிலேயே திருப்பி அனுப்பிவிட்டான்.

முதலாளிக்கு முகம் செத்துப்போயிற்று. இந்திராதேவி பெட்டியை வாங்கி, நூலை அறுத்து, எங்கள் எல்லாருக்கும் முன்னால் ஒரு லட்டை எடுத்துக் கடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு கையைத் துடைத்துவிட்டு வெண்டிக்காய்ப் பெட்டியை உடைக்கப் போனாள்.