கிரைண்டர் கம்பெனிக்கு ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக்

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை என்றால் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பொத்தானைத் தட்டுவது என்று எங்கள் வீட்டில் நினைத்தார்கள். கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் அத்தனை பேச்சும் நமக்குத்தான் என்பதை யாரும் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் சின்னக் கம்பெனிகளில் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, "ஐயோ, இப்பத்தானே அடிச்சேன்!" என்று தலையில் கை வைத்த அத்தனை பேரும் எனக்கு உடன்பிறப்புகள். உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் இருந்தது கணபதி என்கிற ஏரியாவில் ஒரு வெட் கிரைண்டர் கம்பெனி. முதலாளி மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டியே மேலே வந்தவர். பில் போட ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதற்காக என்னையும் வேலைக்குச் சேர்த்தார். அது நடு பில்லில் பொசுக்கென்று அணைந்துவிடும். ஒருநாள் சரக்கு ஏற்றிய லாரி பில்லுக்காக வாசலில் நிற்கும்போது திரை இருண்டது. முதலாளி அன்றைக்குச் சத்தம்கூடப் போடவில்லை. "ஒரு நல்ல மெக்கானிக்காப் பார்த்துப் புடிங்க அம்மணி. தீவாளிக்குள்ள செரியாகலீன்னா இதைக் குடோன்ல தூக்கிப் போட்டுப்போட்டு, பழையபடி கையிலயே பில்லு எழுதிக்கலாமுங்க" என்றார். கம்ப்யூட்டர் குடோனுக்குப் போனால் ஆபரேட்டர் எங்கே போவாள்? எங்கள் வீட்டில் சம்பளம் வாங்குவது நான் ஒருத்திதான்.

ஒரு சொட்டு எண்ணெய்

கம்ப்யூட்டர் விற்ற கடைக்காரரையே முதலில் கூப்பிட்டேன். "நாளைக்கு வாரேனுங்க" என்றார். அவருடைய நாளை வருவதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. எங்கள் ஃபோர்மேன் ஆரோக்கியம் அண்ணன் லேத்து, டிரில்லிங் மெஷின் எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் விட்டுக்கொண்டே வந்தவர், அதே கையோடு ஆபீசுக்குள்ளும் நுழைந்து பிரிண்டருக்கும் தாராளமாக விட்டுவிட்டார்.

மறுநாள் பில் எல்லாம் வடை வைத்துக் கட்டின காகிதம் மாதிரி வந்தது. மத்தியானத்துக்கு மேல் அதுவும் வரவில்லை. "என்ன அண்ணா இப்படிப் பண்ணிட்டீங்க!" என்று கத்தினேன். அண்ணன் பிரிண்டருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "கரகரன்னு கத்திட்டுக் கெடந்துதேன்னு ஒரு சொட்டு உட்டேன் அம்மணி. இப்பப் பாருங்க, சத்தமே இல்லை."

டை கட்டியவர்

கடைக்காரர் ஒருவழியாக வந்து பிரிண்டரைத் துடைத்து ஓட வைத்தார். கம்ப்யூட்டர் அணைவதைப் பற்றிக் கேட்டால், "அது அப்பப்ப அப்பிடித்தானுங்க இருக்கும்" என்றார். சரிதான், இவர் ஆகமாட்டார் என்று இதே ஊர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனிக்குச் சொல்லிவிட்டேன். டை கட்டிய ஒருவர் வழவழப்பான நோட்டீசோடு வந்தார். கம்ப்ளெயின்ட் பதிந்த நாலு மணி நேரத்தில் ஆள் வந்துவிடுமாம். எனக்கு உயிர் வந்தது.

முதலாளி ஒரே கேள்விதான் கேட்டார்: "எங்கீங்க பதியறது?" மெட்ராஸ் ஹெட் ஆபீசில் பதிய வேண்டும், அவர்கள் இங்கே சொல்லுவார்கள் என்றார் வந்தவர். முதலாளி அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, வாசல்வரை கூடவே போய் மரியாதையாக அனுப்பிவைத்தார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "ஏனுங்க அம்மணி, கணபதியில நின்னுபோச்சுன்னு நாம மெட்ராஸுக்கு எஸ்.டி.டி. போட்டு, அவிய ஆர்.எஸ்.புரத்துக்குச் சொல்லி... அதுக்கு நான் சைக்கிள்லயே போய்க் கூட்டிட்டு வந்துருவனுங்க."

கொடுமுடி மாப்பிள்ளை

அடுத்தது முதலாளியம்மாவின் அண்ணன் மகன். கம்ப்யூட்டர் கிளாஸ் முடித்து, கொடுமுடியிலிருந்து வந்து சொந்தமாக சர்வீஸ் ஆரம்பித்திருந்தார். நம்ம பையன் இருக்க வெளியாள் எதற்கு என்று முதலாளியம்மா கேட்டதும் முதலாளி அவரையே வரச் சொல்லிவிட்டார்.

கம்பெனிக்குப் பின்னால்தான் முதலாளி வீடு. மாப்பிள்ளை வருவார், அத்தை கையால் சாப்பிடுவார், ஆபீஸ் பெஞ்சில் ஒரு தூக்கம் போடுவார். ஒருநாள் கார் ரேஸ் விளையாட்டு ஒன்றை உள்ளே ஏற்றுவதற்கு இடம் பத்தவில்லை என்று, நான் அடித்து வைத்திருந்த கஸ்டமர் விலாசம் அத்தனையையும் அழித்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு கீபோர்டாலேயே ஒரு போடு போட்டிருப்பேன். முதலாளி வந்து பார்த்தார். வாய் வரைக்கும் வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, "காப்பி குடிச்சீங்களா மாப்பிளை?" என்றார். அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து பெருமூச்சு விட்டார்: "திட்ட முடியாத ஆளை வேலைக்கு வெக்கவே கூடாதுங்க அம்மணி."

யாருங்க இழுத்தது?

தீபாவளி நெருங்கிவிட்டது. பிரிண்டர் பாவம் பிடித்ததோ என்னவோ, ஆரோக்கியம் அண்ணன் தங்கள் சர்ச் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற மனோகரன் என்பவரைக் கூட்டிவந்தார். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, "நீங்க பாட்டுக்கு பில்லைப் போடுங்க" என்றார்.

போட்டேன். கொஞ்ச நேரத்தில் டியூப்லைட் மினுக்கியது, திரை அணைந்தது. அதே நேரம் ஷெட்டில் வெல்டிங் வைக்கிற சத்தம். மனோகரன் எழுந்து, சுவரில் ஓடிய ஒயரைப் பார்த்துக்கொண்டே விடுவிடுவென்று ஷெட்டுக்குப் போனார். பின்னாலேயே நானும் ஓடினேன். வெல்டிங் செட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே லைன்! அங்கே வெல்டிங் வைக்கும்போதெல்லாம் கரண்ட் இறங்கி இங்கே அணைந்திருக்கிறது.

"எந்த முட்டாளுங்க இந்த ஒயரை இழுத்தது?" என்று கத்தினார்.

ஆரோக்கியம் அண்ணன் தரையைப் பார்த்தார். எங்கள் கம்பெனியில் ஒயரிங் வேலையை முதலாளி வேறு யாரையும் தொட விட்டதே இல்லை. போச்சு, இன்றைக்கே எனக்குக் கணக்கு முடிந்தது என்று நினைத்தேன். பின்னாலிருந்து முதலாளியின் குரல் வந்தது: "நான்தானுங்க."

மனோகரன் அசரவே இல்லை. "அப்ப நீங்களே கழட்டுங்க. இதுக்கு இந்த அம்மணி எத்தனை பேச்சு வாங்குனாங்களோ, பாவம்" என்றார். எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறி, கம்ப்யூட்டருக்குத் தனி லைன் இழுத்தார். அன்று ஷெட்டில் வெல்டிங் வைக்க வைக்க நான் பில் போட்டேன். கம்ப்யூட்டர் அணையவில்லை.

சாயங்காலம் முதலாளி கையைத் துடைத்துக்கொண்டே ஆபீசுக்குள் வந்தார். "மாப்பிளையை நான் திட்ட முடியலீங்க, இவரு என்னையவே திட்டறாரு. இவரையே வெச்சுக்கலாமுங்க அம்மணி."

எனக்கு வேலை நிலைத்தது, கம்ப்யூட்டர் குடோனைப் பார்க்காமல் தப்பித்தது, மனோகரனின் திட்டு மட்டும், அவர் வரும்போதெல்லாம் எனக்கும் முதலாளிக்கும் ஆரோக்கியம் அண்ணனுக்கும் சமபங்காகக் கிடைத்தது.