அண்ணி தேடிப் பார்த்த மலை

அண்ணி செருப்பைக் கழற்றி, வண்டியின் நிழலில் சோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் அந்தப் பாறையில் கால் வைத்தார். ஓமானில், காலை பத்து மணி வெயிலில். பாறை சுடும் அண்ணி என்று கத்தினேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோயில் வாசலைத் தாண்டுகிறவர் மாதிரி நிதானமாக ஏறிப் போனார். நான்கு வருடம் ஆகிறது. அந்தக் காலடிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே வெறுப்பு வருகிறது.

அவர் என் மூத்த அண்ணனின் மனைவி. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பம். நாங்கள் வெள்ளவத்தைச் சைவர்கள். துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்த அண்ணன் அங்கே ஒரு தேநீர்க் கடை வாசலில் அவரைக் கண்டு, இரண்டு வீட்டிலும் சண்டை பிடித்துக் கட்டினார். பிள்ளைகள் இல்லை. யுத்தம் முடிந்த பிறகு அண்ணனை இரண்டு தரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மூன்றாம் தரம் கூப்பிடும்வரை அவர் நிற்கவில்லை. அவுஸ்திரேலியா போகிற ஒரு மீன்பிடி வள்ளத்தில் ஏறினார். ஏறுமுன் அண்ணிக்கு ஒரு அழைப்பு எடுத்தார். வள்ளம் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அதில் போன ஒருவரிடமிருந்தும் இன்றுவரை ஒரு சொல் இல்லை. அன்றிலிருந்து அண்ணியின் வீட்டில் மீன் சமைத்ததில்லை. ஏன் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

நான் கட்டட வரைபடம் கீறுகிறவன். கோடு ஒன்று இன்னொரு கோட்டில் போய் முட்டாமல் அந்தரத்தில் நிற்பது எனக்குப் பொறுக்காது. அண்ணன் செத்துவிட்டார் என்று முதல் வருடமே முடிவு கட்டிவிட்டேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொன்னேன். அண்ணி மட்டும் தாலியைக் கழற்றாமல், ஒவ்வொரு செவ்வாயும் நொவேனா செபத்துக்குப் போய், அவர் சுகமாக இருக்க வேண்டும் என்று மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தார். அந்த மெழுகுதிரி என் கண்ணில் குத்திக்கொண்டே இருந்தது.

வேலை பார்த்த மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு நவம்பரில் நான் ஒரு காரியம் செய்தேன். நவம்பர் கத்தோலிக்கருக்கு இறந்தவர்களின் மாதம். குடும்பத்தில் செத்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதிக் கொடுத்தால், சுவாமியார் பூசையில் ஒவ்வொன்றாக வாசிப்பார். நான் கோயிலுக்குப் போய் அண்ணனின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். காதால் ஒரு தடவை கேட்டால் மனம் ஆறிவிடும் என்று ஒரு கணக்கு. அந்தப் பூசையில், தன் தாய் தகப்பனின் பெயர்களுக்காக முழந்தாளில் காத்திருந்த அண்ணி, இரண்டு அந்நியப் பெயர்களுக்கு நடுவில் புருசனின் பெயரைக் கேட்டார். எழுந்து வெளியே வந்து, வாசலில் நின்ற என்னைக் கண்டதும் எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு.

“உங்களுக்கு அவர் செத்துட்டாரா தம்பி? சரி. அத என் கோயில்ல வந்து சொல்லத் தேவல்ல.”

இரண்டு வருடம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு என் மனைவிக்கு ஒரு ஒப்பரேசன் என்று கேள்விப்பட்டதும், யாரும் கூப்பிடாமலே மஸ்கட்டுக்கு வந்து இறங்கி, ஒரு மாதம் சமையலறையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். என் மனைவியோடு சிரித்துச் சிரித்துக் கதைப்பார். எனக்குச் சாப்பாடு போடுவார், அவ்வளவுதான். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

எங்கள் கம்பனியில் வண்டி ஓட்டும் தெஹிவளை முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்களை மலைப்பக்கம் கூட்டிப் போய் வந்தே பாதிக் கல்விமான் ஆகியிருந்தவர். அண்ணி ஊருக்குத் திரும்புவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஊர் பார்க்கலாம் என்று அண்ணியையும் என்னையும் அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். மூன்று மணித்தியால ஓட்டம். புல் பூண்டு இல்லாத, கருகிய பழுப்பு நிறத்தில் மலைகள். ஒரு வறண்ட ஆற்றங்கரையில் நிறுத்தினார். கரைச் சரிவு முழுக்க ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தலையணைகள்போல உருண்டைப் பாறைகள்.

“இதெல்லாம் ஒரு காலத்துல கடலுக்கு அடியில கெடந்த நெலம் ராத்தா,” என்றார் நானா. “அடியில இருந்து நெருப்புக் குழம்பு பிதுங்கி வந்து, தண்ணி பட்டதும் இப்பிடி உருண்டு இறுகிட்டாம். பொறகு அல்லாஹ் அப்பிடியே தூக்கி மேல வெச்சிட்டான்.”

அண்ணி கையால் வெயிலை மறைத்துக்கொண்டு சரிவைப் பார்த்தார்.

“அப்ப கடலுக்குள்ள விழுந்ததெல்லாம் எங்க நானா?”

“மண்ணாப் போயிருக்கும் ராத்தா. கோடிக்கணக்கான வருசமாச்சே.”

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. “பாத்தீங்களா அண்ணி,” என்றேன். “கடலடி எண்டா இவ்வளவுதான். வெறும் கல்லு. இதில ஆரும் இருந்து திரும்பி வாறதில்லை.” நானா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் அண்ணி செருப்பைக் கழற்றினார்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தேடினார். தேடினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பாறையாகக் குனிந்து, இடுக்குகளில் கைவிட்டு, சில இடங்களில் உள்ளங்கையை வைத்து அப்படியே நின்று, சரிவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போனார். கீழே இருந்து கெஞ்சினேன். ஒரு கட்டத்தில் கோபம் வந்து ஏசியும் விட்டேன். அவர் இறங்கி வந்தபோது முகம் வியர்த்து ஓடியது. பாதங்கள் கொப்பளித்திருந்தன.

“பாத்துட்டேன் தம்பி. அவர் இங்க இல்ல.”

“இது வேற கடல் அண்ணி,” என்றேன்.

“தெரியும். எனக்கொண்டும் பைத்தியமில்ல. கடலடி இதுதான்னு நீங்க காட்டினீங்க, நான் முழுக்கப் பாத்தேன். அவர் விழுந்த எடத்தக் காட்டுங்க, அதையும் பாக்குறேன். பாத்துட்டு நானே போய்ப் பேர் குடுக்குறேன். காட்ட ஏலுமா உங்களுக்கு?”

ஏலாது. வண்டியிலிருந்த குடிதண்ணீரை நானா அவர் பாதங்களில் ஊற்றினார். எனக்கு நிமிர்ந்து பார்க்க முகமில்லை. திரும்பும் வழியெல்லாம் அண்ணி கண்ணை மூடிக்கொண்டு வந்தார். மறுநாள் ஒன்றுமே நடக்காத மாதிரி எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். மன்னித்தாரா என்று தெரியாது. கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

நான் வேலையை விட்டு வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்த இந்த வருடம், மழைக்காலத் தொடக்கத்தில் அண்ணி கொட்டாஞ்சேனை வீட்டில் நித்திரையிலேயே போய்விட்டார். தாலி கழுத்திலேயே இருந்தது. பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதன் வாசகம் நமக்கெல்லாம் மனப்பாடம். இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் அன்பு மனைவியும். அந்த இன்னார் முன்னமே போயிருந்தால் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று போட வேண்டும். அண்ணியின் தாய் தகப்பனுக்கு அதைப் போட்டேன். அண்ணனின் பெயருக்கு வந்ததும் பேனா பழக்கத்தில் அதையே எழுதியது. வெட்டினேன். தாள் அசிங்கமாகிவிட்டதால் புதுத் தாள் எடுத்து, அந்தச் சொல் இல்லாமல் முழுவதையும் திரும்ப எழுதினேன்.

விளம்பரப் பகுதியிலிருந்து ஒரு பிள்ளை அழைத்தது. “சேர், கணவர்ட பேருக்கு முன்னால காலஞ்சென்ற விடுபட்டிருக்குதோ?”

“இல்லைப் பிள்ளை. அப்பிடியே போடுங்கோ.”

அறிவித்தல் வந்த அன்று பின்னேரமே கனடாவிலிருந்து ஒன்றுவிட்ட தங்கை அழைத்தாள். செத்த வீட்டை விசாரிக்க அவளுக்குப் பொறுமையில்லை. மூச்சு வாங்கியது. “அண்ணா, இப்பதான் பாத்தனான். பெரியண்ணாவுக்கு முன்னால அந்தச் சொல் இல்லை. அவர் இருக்கிறாரோ? எங்க இருக்கிறார்?”

இத்தனை வருடமும் இந்தக் கேள்விக்கு நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். அந்தப் பதில் வாய்வரைக்கும் வந்தது.

“தெரியாது தங்கச்சி,” என்றேன். “எனக்குத் தெரியாது.”